நாலாவது இலை

வெளிநாடு போய் வந்தவர்கள் எல்லாரும் கட்டுரை எழுதுகிறார்கள். லண்டனில் குளிர் என்கிறார்கள், பாரிசில் பாலம் என்கிறார்கள். நானும் வெளிநாடு போய் வந்தவன்தான். பாண்டிச்சேரியில் ரயிலேறி விழுப்புரம், அங்கிருந்து திண்டிவனம், அதற்கப்பால் பஸ்ஸில் பனமேட்டூர். நம் வீட்டு மொட்டை மாடியில் நின்று பலமாகக் கூப்பிட்டால் காது கேட்கிற தூரம்தானே என்று என் மனைவி சொன்னாள். சொல்லட்டும். நாங்கள் பிரெஞ்சுக்காரன் குடிகள், அது இங்கிலீஷ்காரன் சீமை, நடுவில் சுங்கச் சாவடி இருக்கிறது. சுங்கச் சாவடியைத் தாண்டினால் அது வெளிநாட்டுப் பயணம்தான். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

இப்போது நடக்கிற யுத்தத்துக்கு முந்தைய வருஷம், தை மாதம். நான் கல்லில் எழுத்து வெட்டுகிறவன். பாண்டிச்சேரியில் செத்தவர்களில் பாதிப் பேர் நான் வெட்டிய எழுத்தின் கீழேதான் தூங்குகிறார்கள். இதுவரை ஒருவர்கூட எழுந்து வந்து தப்பு சொன்னதில்லை. கொஞ்சம் முன்கோபி என்று பெயர் உண்டு. நாள் முழுக்கக் கருங்கல்லோடு பேசிக்கொண்டிருப்பவனிடம் குழைவை எதிர்பார்த்தால் அது எதிர்பார்த்தவன் தப்பு.

பனமேட்டூர்ப் பஞ்சாயத்து பிரசிடெண்டு எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். அவர் ஊரில் பெரிய யுத்தத்துக்குப் போனவர்களுக்காகச் சர்க்கார் நட்ட கல் ஒன்று இருக்கிறதாம். சனிக்கிழமை கலெக்டர் துரை அதைப் பார்க்க வருகிறாராம். அதற்குள் செத்தவர்களின் பெயர்களை அதில் வெட்ட வேண்டுமாம்.

புதன்கிழமை காலை, நாலு நாளைக்கு நாலு பாண்டிச்சேரி ரொட்டி வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். சாவடியில் சுங்கக்காரர் முதலில் உளிகளை எடுத்துப் பார்த்தார்.

"இன்னாய்யா இது, கன்னம் வைக்கிறவன் சாமான் மாதிரி கீது?"

கல்லறையில் எழுத்து வெட்டுகிற உளி என்று சொன்னதும் சட்டென்று கீழே வைத்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அந்தக் கோபத்தை ரொட்டிமேல் காட்டினார். நாலையும் எடுத்து ஒவ்வொன்றாகப் பிளந்து உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ரொட்டிக்குள்ள இன்னா வச்சிக்கினு போறே?"

"ரொட்டிக்குள்ள ரொட்டிதாங்க இருக்கு."

பிளந்த ரொட்டி விழுப்புரம் போவதற்குள் காய்ந்து, திண்டிவனம் போவதற்குள் கல்லாகிவிட்டது. விழுப்புரத்துக் காபி கிளப்பில் சாம்பார் என்று ஒன்றை ஊற்றினார்கள். அதில் பருப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் திண்டிவனம் வண்டி போய்விட்டது. அடுத்த வண்டியில் திண்டிவனம் போய்ச் சேர்ந்தால், பனமேட்டூர் பஸ், ஆள் இறங்கித் தள்ளினால்தான் கிளம்புவேன் என்றது. தள்ளினோம். கிளம்பிய பஸ் நிற்காமல் ஓடியது. நாங்கள் பின்னாலேயே ஓடினோம். எனக்கு முன்னால் ஓடி ஏறிய ஒரு மல்லாட்டை வியாபாரி என் இடத்தில் வேர்க்கடலை மூட்டையை வைத்துவிட்டு, "நீங்க தொப்பை போட்டவரு, நின்னா நல்லது" என்று புத்தி வேறு சொன்னார்.

பிரசிடெண்டு துரைசாமி நல்ல மனிதர். ஆனால் இரண்டு கலெக்டர் சேர்ந்தாற்போல் நடப்பார். வந்தவனுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் நேரே கல்லடிக்கு அழைத்துப் போனார். சந்தைத் திடலின் ஓரத்தில், ஆள் உயரத்துக்குக் கருங்கல். இங்கிலீஷிலும் தமிழிலும் ஒரே சேதி: "இவ்வூரிலிருந்து 11 பேர் மகா யுத்தத்துக்குப் போனார்கள். அவர்களில் 4 பேர் உயிர் விட்டார்கள்." அவ்வளவுதான். எங்கள் பிரெஞ்சுக்காரன் செத்தவனுக்குப் பெயர் போடுவான். இங்கிலீஷ்காரன் எண்ணிக்கை போட்டுவிட்டுப் போய்விடுகிறான்.

துரை நட்ட கல்லை ஊர்க்காரர்கள் துரையிடமே விட்டுவைக்கவில்லை. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, பட்டாளத்தார் கல் என்று பெயரிட்டு, அமாவாசைக்கு அமாவாசை செத்தவர் வீட்டார் வந்து இலை போட்டுப் படைக்கிறார்களாம். இன்ன இலையில் இன்ன பதார்த்தம் என்று சட்டமில்லை. போனவனுக்கு எது பிடிக்குமோ அது.

"பேரைச் சொல்லுங்க" என்று நோட்டை எடுத்தேன்.

"முனுசாமி, ராமலிங்கம், தனகோட்டி."

"நாலாவது?"

பிரசிடெண்டு துண்டை எடுத்து உதறி மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார். "அது ஒண்ணுதாங்க பேஜாரு. செத்தது மூணு பேருதான். துரைங்க நாலுன்னு போட்டுட்டாங்க."

எனக்குப் பசி. பசியில் எந்த வேலைக்கும் சுருக்குவழிதான் கண்ணில் படும். "அந்த நாலைக் கொத்திட்டு மூணாக்கிடட்டுமா?" என்று கேட்டது நான்தான். இதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

"வேணாங்க. எங்க சித்தப்பா கோவிந்தசாமின்னு ஒருத்தரு இருந்தாரு. திண்டிவனத்துல ஆள் எடுத்தப்போ பட்டாளத்துக்குப் பேரு குடுத்துட்டாரு. அப்பறம் பயந்துக்கினு ஓடியாந்தாரு. வர்ற வழியில கெணத்துல வுழுந்துட்டாரு. அவரு பேரைப் போட்டுடலாம்."

"அது எப்படிங்க யுத்தத்துல செத்ததாகும்?"

"யுத்தம் இல்லன்னா பேரு குடுத்திருப்பாரா? பேரு குடுக்கலன்னா ஓடியாந்திருப்பாரா? ஓடியாரலன்னா கெணத்துல வுழுந்திருப்பாரா? நீங்களே சொல்லுங்க மேஸ்திரி."

அந்த வாதத்தில் எங்கே ஓட்டை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் செத்த இடத்தைப் போட வேண்டும், அவருக்கு என்ன போடுவது என்று கேட்டேன். மற்ற மூவரும் கடல் தாண்டிப் போய்ப் பஸ்ராவில் செத்தவர்கள், இவருக்கும் பஸ்ரா என்றே போட்டுவிடுங்கள் என்றார். எனக்கென்ன வந்தது, யார் பெயரானாலும் உளிக்கு ஒன்றுதான் என்று தலையாட்டினேன்.

ஒரு நிபந்தனை மட்டும் போட்டேன். என் அப்பா காலத்திலிருந்து எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். பெயரை வெட்டுமுன் செத்தவருடைய வீட்டார் ஒருவர் வந்து கல்லில் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, பெயரையும் இடத்தையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கேட்பதற்குப் பக்தியாக இருக்கும். உண்மையில், பின்னால் தப்பு என்று யாராவது வந்தால் எங்கள் தலை தப்புவதற்கான ஏற்பாடு அது.

அன்றிரவு பிரசிடெண்டு வீட்டில் கேப்பைக் களி, கீரைக் குழம்பு. களி உருண்டையைப் பார்த்ததும் ரொட்டி ஞாபகம் வந்து கண் கலங்கியது. அதையும் விருந்தாளியின் நன்றி என்று நினைத்துக்கொண்டு இன்னொரு உருண்டை வைத்தார்கள்.

வியாழக்கிழமை தை அமாவாசை. களியின் பாரத்தில் தூக்கம் வராமல், விடிகிற வேளையில் கல்லை அளக்கலாம் என்று கயிறும் கையுமாகப் போனேன். திடலுக்குள் நுழையும்போதே காற்றில் சுட்ட கருவாட்டு வாசனை. கடற்கரை ஊர்க்காரனுக்கு அதற்குமேல் கால் தன் பேச்சைக் கேட்காது. வாசனையின் பின்னால் போனால், கல்லடியில் ஒரு பெண்பிள்ளை குந்தியிருந்தாள். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். இலையில் கூழ், ஒரு பிடி வறுத்த மல்லாட்டை, ஒரு துண்டு கருவாடு. ஈரத்துணியால் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கல் முழுவதையும் துடைக்கவில்லை. அந்த 4 என்ற ஒரு எண்ணை மட்டும் துடைத்துத் துடைத்து, அந்த இடம் கண்ணாடிபோல் ஆகியிருந்தது.

என்னைப் பார்த்ததும் துள்ளி எழுந்து பத்தடி தள்ளிப் போய் நின்றாள்.

"நான் அஞ்சலைங்க. சேரியில கீறேன். ஊர் எழுந்திரிக்கிறதுக்குள்ள போயிடுவேங்க."

நான் யார் என்று சொன்னேன். எழுத்து வெட்டுகிறவன் என்றதும் ஒரு அடி கிட்டே வந்தாள்.

"ஐயா, எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா போஸ்ட்மேன் ஐயா சொல்லிக் குடுத்தாரு, இது நாலுன்னு. அந்த நாலுல ஒண்ணு என் வூட்டுக்காரரு. பஸ்ராவுல பூட்டாருன்னு சர்க்கார் காயிதம் வந்துச்சு. அதைக் கரையான் துன்னுடுச்சு. இப்போ இந்த நாலுதான் எனக்கு."

அந்த நாலைக் கொத்திவிடட்டுமா என்று நேற்றுக் கேட்டவன் நான். பிரசிடெண்டு வேறு பெயர் சொல்லியிருக்கிறார் என்று மெதுவாகச் சொன்னேன்.

"அவங்க பெரியவங்க. சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். ஈரத்துணியைப் பிழிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, "அப்போ இவரு எங்கங்க போவாரு?" என்று கேட்டாள்.

நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு நின்றேன். அவள் போய்விட்டாள்.

வெயில் ஏறியபின் மூன்று வீட்டாரும் வந்து மூன்று இலை போட்டார்கள். நாலாவது இலை அங்கேயே இருந்தது. அது யாருடையது என்று கேட்டேன். முனுசாமி வீட்டார் ராமலிங்கம் வீட்டாரைக் காட்டினார்கள். ராமலிங்கம் வீட்டார் தனகோட்டி வீட்டாரைக் காட்டினார்கள். தனகோட்டியின் தம்பி, "அது ராஜாவுக்குப் போட்டதுங்க. லண்டன் ராஜா பேருல கல்லு, அவருக்கும் ஒரு எல வேணுமில்ல?" என்றார். பக்கிங்காம் அரண்மனைக்காரர் பனமேட்டூர்க் கருவாட்டை இத்தனை வருஷமாகச் சாப்பிட்டுவருகிறார் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்தது.

மத்தியானம் பிரசிடெண்டு வீட்டில் வாழைக்காய், பூசணிக்காய், வடை, பாயசத்துடன் அமாவாசைச் சாப்பாடு. என் வாழ்க்கையில் முதல் தடவையாக இலையில் வடையை மிச்சம் வைத்தேன்.

மூன்று பெயர்களையும் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் வெட்டி முடித்தேன். ஒவ்வொரு வீட்டு ஆண்பிள்ளையும் வந்து தண்ணீர் ஊற்றி, பெயரைச் சொல்லி, "பஸ்ரா" என்றார். சந்தை நாள். நூறு பேர் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒவ்வொரு உளி அடிக்கும் ஒருவர் யோசனை சொன்னார்.

நாலாவது பெயருக்குத் தண்ணீர் ஊற்ற, பிரசிடெண்டு தம் சின்னம்மா கன்னியம்மாளை அழைத்து வந்தார். கிணற்றில் விழுந்த கோவிந்தசாமியின் விதவை. மெலிந்த உடம்பு, சந்தையையே அடக்குகிற குரல். சொம்பைக் கையில் வாங்கிக்கொண்டு, "இன்னா வெட்டப் போறே?" என்று என்னைக் கேட்டார். "கோவிந்தசாமி, பஸ்ரா" என்றேன்.

"மேஸ்திரி, உளியக் கீழ வையி."

வைத்துவிட்டேன். அந்தக் குரலுக்கு யாராக இருந்தாலும் வைத்திருப்பார்கள்.

"அமாவாசைக்கு அமாவாசை அந்த மனுசனுக்கு நான் கெணத்து மேட்டுல எல போட்டுக்கினு வர்றேன். வந்து துன்னுட்டுப் போறாரு. பஸ்ரான்னு கல்லுல வெட்டுனீங்கன்னா, எல அங்க போட்டிருக்குன்னு நெனச்சிக்கினு கெளம்பிடுவாரு. கெணத்தையே தாண்டத் தெரியாத மனுசன், கடலைத் தாண்டுவாரா? வழியில பசியில கெடந்து அலைவாரு. அந்தப் பாவம் உனக்கா, எனக்கா?"

"சின்னம்மா, நாளைக்குக் கலெக்டரு..."

"கலெக்டரு வந்து எல போடுவாரா?"

திடலில் சிரிப்பு. பிரசிடெண்டு என் காதருகே வந்து, "அந்த நாலை மூணாக்கிடுங்க, ஜல்தி" என்றார். நான் முதல் நாள் சொன்ன யோசனை எனக்கே திரும்பி வந்தது. நான் குரலை உயர்த்தினேன்.

"சர்க்கார் கல்லுல சர்க்கார் போட்ட எண்ணை அழிச்சா உங்க பக்கம் என்ன தண்டனைன்னு எனக்குத் தெரியாதுங்க. எங்க பக்கம் தலையை வெட்டுறதுக்குத் தனியா மிஷினே இருக்கு."

பிரசிடெண்டின் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. நான் விடவில்லை. "நாலாவது ஆள் இருக்காரு. நாலாவது இலை ராஜாவுக்கு இல்லைங்க. ராஜா கேப்பைக் கூழா குடிப்பாரு?" என்று கேட்டேன்.

வயதானவர்களில் சிலர் மாட்டுச் சந்தையின் பக்கம் பார்த்தார்கள். கன்னியம்மாள்தான் பேசினார்.

"அது அஞ்சலை போடுற எலடா, துரைசாமி. அன்னிக்கு உங்க சித்தப்பா ஓடியாந்ததும், ஆள் ஒண்ணு கொறையுதுன்னு பட்டாளத்துக்காரனுங்க நம்ம வூட்டு வாசல்ல வந்து நின்னானுங்க. எங்க மாமனாரு, ஏர் ஓட்டிக்கினு இருந்த அஞ்சலை புருசனைக் கூப்பிட்டு, 'போய் வாடா'ன்னாரு. போனான். வரல. எம் புருசனுக்கு வச்ச எடத்துலதான் அவன் போனான். இப்போ அந்த எடத்துல எம் புருசனைக் கொண்டாந்து வெக்கிறியா? எனக்கு வெக்கமா கீதுடா."

பிரசிடெண்டு துண்டால் முகத்தைத் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். பிறகு, "போய் அஞ்சலையக் கூட்டியாங்க" என்றார்.

மல்லாட்டைக் கொல்லையிலிருந்து கை மண்ணோடு வந்தாள் அஞ்சலை. திடலின் ஓரத்திலேயே நின்றுவிட்டாள். "அங்கிருந்தே ஊத்தட்டும்" என்று எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. "கல்லு இங்க இருக்கு" என்றேன் நான். கன்னியம்மாள் சொம்பை அவள் கையில் கொடுத்தார். கூட்டம் விலகியது. முழுமனதோடு விலகியது என்று சொல்லமாட்டேன், ஆனால் விலகியது. அவள் கல்லடிக்கு வந்து தண்ணீரை ஊற்றினாள்.

"பேரைச் சொல்லும்மா."

தலையைக் குனிந்துகொண்டாள். மறுபடியும் கேட்டேன். வாயைத் திறக்கவில்லை. அப்புறம்தான் என் மரமண்டைக்கு உறைத்தது. மற்ற மூன்று வீட்டுக்கும் ஆண்பிள்ளைகள் வந்தார்கள். இவளோ பெண்டாட்டி. எந்தப் பெண்டாட்டி நாலுபேர் நடுவில் புருஷன் பெயரைச் சொல்வாள்? செத்துப் போனாலும் புருஷன் புருஷன்தான். என் வீட்டிலேயே என்னை "ஏங்க"வுக்குமேல் கூப்பிட்டதில்லை.

"வீட்டார்தான் சொல்லணும், அதுதான் வழக்கம்" என்று நானும் பிடிவாதமாக நின்றேன். வழக்கத்தை எங்கே விடுவது என்று எனக்கே தெரியவில்லை.

அவள் சுண்டுவிரலை நிமிர்த்திக் காட்டினாள்.

"விரலு!" என்றார் ஒரு மாட்டுத் தரகர். "விரல்னு எவனாவது பேரு வைப்பானா?" என்று பக்கத்தில் இருந்தவர் அதட்டினார். அவள் கட்டைவிரலையும் சேர்த்து, கடுகளவு என்பதுபோல் காட்டினாள். "குட்டி!" "பொடியன்!" "துளசி!" தலையை ஆட்டி ஆட்டி அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, கண்ணைத் தொட்டுக் காட்டினாள்.

"குட்டிக்கண்ணா?" என்று தனகோட்டியின் தம்பி கேட்டார்.

"சின்ன..." என்று பிரசிடெண்டு ஆரம்பித்தார்.

"சின்னக்கண்ணு!" என்று சந்தையே ஒரே குரலில் கத்தியது. மல்லாட்டை வியாபாரிகளும், காய்கறிக்காரிகளும், மூன்று வீட்டாரும் கத்தினார்கள். அஞ்சலை ஆமாம் என்று தலையாட்டினாள். சிரித்துக்கொண்டிருந்தவளுக்குக் கண்ணில் நீர் கொட்டியது. அந்தப் பெயரை மற்றவர் சொல்லி அவள் கேட்டு இருபது வருஷம் ஆகியிருக்கும்.

வீட்டார் சொல்ல வேண்டும் என்பது வழக்கம். அன்றைக்கு ஊரே சொல்லிவிட்டது. இடத்தை மட்டும் அவளே சொன்னாள், கணீரென்று: "பஸ்ரா." நான் உளியை எடுத்தேன். பொழுது சாய்வதற்குள் வெட்டி முடித்தேன். மற்ற மூன்றைவிட அந்தப் பெயர் கொஞ்சம் ஆழம். கை தவறிவிட்டது என்று கேட்டவர்களிடம் சொன்னேன்.

சனிக்கிழமை தோரணம், மேளம், ரோஜா மாலை, வெள்ளிக் கும்பா நிறையச் சந்தனம். காலை ஏழு மணியிலிருந்து காத்திருந்தோம். பதினோரு மணிக்குக் கலெக்டர் கார் வந்தது, அதே வேகத்தில் போயும்விட்டது. புழுதி அடங்கியபோது பிரசிடெண்டு கையில் மாலையோடு நடுரோட்டில் நின்றிருந்தார். தலை, மீசை, மாலை எல்லாம் ஒரே செம்மண். "பெட்ரோல் நெறைய இருந்திருக்கும், அதான் நிக்கல" என்றார், யாரும் கேட்காமலே. கொஞ்ச நேரம் மாலையைப் பார்த்தார். பிறகு அதைக் கொண்டுபோய்க் கல்லுக்குப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். வெட்டின பெயரை இனி வெட்டாமல் ஆக்க முடியாது. கருங்கல்லில் எனக்குப் பிடித்த குணமே அதுதான்.

நான் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது அஞ்சலை வந்தாள். உச்சி வெயில். திடலில் ஆட்கள் இருந்தார்கள். அவள் நேராக நடந்து வந்தாள்.

"எது ஐயா அவரு?"

காட்டினேன். மாலையைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை விரலை வைத்து மெதுவாகத் தடவினாள். பாதியில் நின்று, "இம்மா நீளமா?" என்று கேட்டாள். ஒற்றை எண்ணாக இருந்தவர் அல்லவா. தடவி முடித்ததும் கல்லிடம், வீட்டில் இருக்கிற மனுஷனிடம் பேசுவதுபோலச் சொன்னாள்: "இனிமே வெளிச்சத்துல வர்றேன்."

ஒரு துணி முடிச்சில் மல்லாட்டை கட்டி என் கையில் கொடுத்தாள்.

திரும்பும்போது சாவடியில் அதே சுங்கக்காரர். உளிகளைத் தொடவில்லை. முடிச்சை அமுக்கிப் பார்த்தார்.

"இது இன்னா?"

"மல்லாட்டைங்க."

"எங்க வாங்கினே?"

"வாங்கலை. பனமேட்டூர்ல ஒரு பட்டாளத்தார் வீட்ல குடுத்தாங்க."

நாலு ரொட்டியைப் பிளந்தவர், முடிச்சை அவிழ்க்காமல் இரண்டு கையாலும் எடுத்து என் பையில் வைத்தார். "பட்டாளத்தார் வூடா? அப்போ சரி, போய் வாங்க" என்றார்.